முழங்காலும் தட்டைப் பாதமும்: பாதயாத்திரை போனதால் அண்ணனின் வி.ஏ. கோரிக்கை கெட்டுப்போகுமா?

கேள்வி, சுருக்கமாக: "எங்கள் வீடு திருக்கோவிலில். அண்ணன் கிரீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போய், அங்கே இராணுவத்தில் ஏழு வருடம் லொறிப் பிரிவில் இருந்தவர். விலகி எட்டு மாதம். இப்போது எங்களோடு ஊரில் இருக்கிறார். இரண்டு முழங்காலும் நோகும், பாதம் தட்டை. இந்த ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை வெளிக்கிட்டார். உகந்தையோடு கால் வீங்கித் திருப்பிக் கூட்டிவந்தோம். ஆஸ்பத்திரித் துண்டில் 'பாதயாத்திரையால் முழங்கால் வீக்கம், இரண்டு நாள்' என்று எழுதியிருக்கிறார்கள். வி.ஏ. என்கிற அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம் இழப்பீடு கேளுங்கள் என்றால், 'நான் என்ன குண்டு பட்டவனா, கேட்க வெட்கம்' என்கிறார். கேட்கலாமா? ஊரில் இருந்துகொண்டே கேட்கலாமா? அந்தத் துண்டு பாதகமாகுமா?"

தங்கச்சி, கேட்கலாம். ஊரில் இருந்துகொண்டும் கேட்கலாம். அந்தத் துண்டு பாதகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் அந்த "எட்டு மாதம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது இன்னும் நாலு மாதம்.

சேவையிலிருந்து விலகி ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வி.ஏ.க்குக் கிடைத்தால், அது அங்கீகரிக்கப்படும்போது பணம் விலகிய மறுநாளிலிருந்தே கணக்குப் பார்க்கப்படும். ஒரு வருடம் தாண்டினால் கோரிக்கை போட்ட நாளிலிருந்துதான். அதனால் அண்ணன் இன்று இரவே வி.ஏ. இணையத்தளத்துக்குள் போய், கோரிக்கை வைக்கும் எண்ணத்தை மட்டும் பதிவு செய்யட்டும். அதற்கான படிவம் 21-0966. நோய் விபரம், சான்று எதுவும் அப்போது தேவையில்லை. அதைப் பதிந்துவிட்டால் முழுக் கோரிக்கையான 21-526 ஈ.இசட். படிவத்தை நிரப்ப அந்த நாளிலிருந்து ஒரு வருடம் கிடைக்கும், தொடக்க நாளும் கைவிட்டுப் போகாது.

அந்த ஒரு வருடத்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. மூட்டுத் தேய்வு விலகி ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10 வீத அளவுக்கு (பாதிப்பின் கடுமையை வி.ஏ. வீதத்தில்தான் அளக்கும்) வெளிப்பட்டால், சேவையில்தான் வந்தது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு முழங்காலுக்கும், இரண்டு பாதத்துக்கும் நின்ற நிலையில் இந்த நாலு மாதத்துக்குள் எக்ஸ்ரே எடுங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எடுக்கலாம். அறிக்கையில் திகதி தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி வெட்கத்தின் கதை. அதை நான் லேசாகக் கடந்து போகமாட்டேன், ஏனென்றால் என் காலையே அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் கல்லடியில் பிறந்தவன். அதே இராணுவத்தில் பதினொரு வருடம் வாகனத் திருத்துநராக இருந்தேன். கனரக வாகனத்தின் மேலிருந்து சீமெந்துத் தரைக்குக் குதிப்பது, முழங்காலில் நின்று சில்லுக் கழற்றுவது, முதுகில் மூட்டையோடு விடிய முன்னம் பன்னிரண்டு மைல் நடப்பது. நான் விலகும்போது ஒரு மருத்துவ வரலாற்றுப் படிவம் தந்தார்கள், எண் 2807-1. அதில் பாதத்தில் தொல்லை உண்டா என்று ஒரு கட்டம், முழங்காலில் தொல்லை உண்டா, இறுகுகிறதா, நழுவுகிறதா, நோகிறதா என்று இன்னொரு கட்டம். இரண்டுக்கும் "இல்லை" என்று புள்ளடி போட்டேன். தங்கச்சியின் கலியாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. "ஓம்" என்றால் இன்னும் பரிசோதனை, இன்னும் தாமதம். அதோடு, ஊரில் யாரும் "சுகமா மனே?" என்று கேட்டால் "நல்ல சுகம்" என்று சொல்லி வளர்ந்த வாய். இரண்டு வருடம் கழித்துக் கோரிக்கை போட்டேன். மறுப்புக் கடிதத்தில் என் கையெழுத்தோடு இருந்த அந்த இரண்டு "இல்லை"யும் எனக்கே எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. கோப்பை மட்டும் படிக்கிற ஆளுக்கு அது நியாயமான முடிவுதான். அதை மாற்ற எனக்கு மூன்று வருடம் போனது.

இந்த இழப்பீடு குண்டு பட்டவருக்கு மட்டும் உரியதென்று சட்டத்தில் எங்கும் இல்லை. சேவைக் காலத்தில் தொடங்கிய, அல்லது சேவையால் மோசமான எந்த உடல் பாதிப்புக்கும் உரியது. முழங்கால் மடக்க முடியாமை வி.ஏ. மிக அதிகமாக அங்கீகரிக்கும் பாதிப்புகளில் ஒன்று. அண்ணனின் ஒப்பந்தத்தில் அவருடைய காலும் அடங்கியிருந்தது. கேட்பது பிச்சையல்ல, கூலியின் மிச்சம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரித் துண்டு. சேவைத் தொடர்பை, அதாவது பாதிப்பு சேவையால் வந்தது என்பதை, நிறுவ மூன்று விடயம் வேண்டும்: இன்றைக்கு ஒரு பாதிப்பு இருப்பது, சேவையில் நடந்த ஒரு சம்பவமோ தொடங்கிய நோயோ, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. "பாதயாத்திரையால் வீக்கம், இரண்டு நாள்" என்ற வரி அந்த மூன்றாவதைத் தட்டிவிடக்கூடியது. வி.ஏ.யின் மருத்துவப் பரிசோதகர் அதைப் படித்துவிட்டு, "சேவைக்குப் பிறகு நீண்ட தூரம் நடந்ததால் வந்தது" என்று எழுதினால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

அந்த டொக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரவு வார்ட்டில் அவருக்கு வேண்டியது இன்றைய வீக்கத்தின் காரணம்தான். முன்னைய ஏழு வருடத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். செய்ய வேண்டியது இதுதான். எலும்பு முறிவு நிபுணரின் கிளினிக்குக்கு அண்ணனைக் கூட்டிப்போங்கள். அவர் வாயால் முழு வரலாறும் வரட்டும்: எந்த வருடம் முதன்முதல் நொந்தது, லொறித் தட்டிலிருந்து இறங்கும்போது எந்தக் கால் மடிந்தது, முகாம் மருந்தகத்தில் எத்தனை தரம் மாத்திரை வாங்கினார், "ஓடவேண்டாம், குதிக்கவேண்டாம்" என்ற கட்டுப்பாட்டுத் துண்டு எப்போதாவது தந்தார்களா, பாதயாத்திரைக்கு முன்னமே படி இறங்கக் கைபிடிச் சுவர் பிடித்தாரா. அதைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். உகந்தை நடை ஏற்கெனவே இருந்த நோவைக் கிளப்பிவிட்டது என்பது உண்மையானால், அப்படியே எழுதப்படட்டும். பழைய துண்டை ஒளிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். அதைக் கோப்பில் வைத்து, அதற்கு மேல் முழுக்கதையை வையுங்கள். நிபுணர் தன் கருத்தாக "சேவையால் வந்திருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு" என்று, ஏன் அப்படி நினைக்கிறார் என்ற காரணத்தோடு கடிதம் தந்தால் அது பெரிய பலம். வி.ஏ.க்கு வேண்டியது அந்த அளவு நிச்சயம்தான். தராசு சமமாக நின்றால் வீரரின் பக்கம் தீர்க்க வேண்டும் என்பது அவர்களின் சட்டம். காரணம் எழுதாத ஒரு வரிக் கடிதத்துக்குப் பெறுமதி குறைவு.

சேவை மருத்துவப் பதிவுகளை அண்ணன் தானாகவும் எடுத்துப் பார்க்க வேண்டும். "அவர்களிடம் இருக்குந்தானே" என்று இருந்துவிடாதீர்கள். பதிவில் இல்லாததை அவரோடு லொறி ஓட்டியவர்கள் சாட்சிக் கடிதமாக எழுதலாம். அதற்கென்று 21-10210 என்ற படிவமே உண்டு. நீங்களும் எழுதலாம் தங்கச்சி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கண்டதை மட்டும் எழுதுங்கள். "அண்ணனுக்குக் கடும் வேதனை" என்று எழுதினால் அது யாருக்கும் ஒன்றும் காட்டாது. குளிர்த்திச் சடங்கில் எல்லோரும் சம்மணம் கட்டி இருக்க இவர் தூணில் சாய்ந்து நின்றாரா, குந்தி இருக்கிற மலசலகூடத்தை விட்டுவிட்டுக் கொமட் கட்டினீர்களா, கடற்கரை மணலில் நடக்கக் கூப்பிட்டால் மறுக்கிறாரா, அப்படியானவற்றை மாதத்தோடு எழுதுங்கள்.

இனி அளவு. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புவார்கள், ஏனென்றால் நமக்கு முழங்கால் என்றால் குந்துவதும் சம்மணம் கட்டுவதும். வி.ஏ.யின் அட்டவணைக்கு அது பாகை. முழுதாக மடங்கும் முழங்கால் 140 பாகை. 45 பாகையோடு நின்றால் 10 வீதம், 30 பாகையோடு நின்றால் 20, 15 பாகையோடு நின்றால் 30. நீட்டுவதில் 10 பாகை குறைந்தால் 10 வீதம், 15 குறைந்தால் 20, 20 குறைந்தால் 30. குந்த முடியாமல் போன முழங்காலும் பெரும்பாலும் 100 பாகைக்கு மேல் மடங்கும். அப்படியானால் ஒன்றும் இல்லையா? இல்லை. அசைக்கும்போது நோகும் மூட்டுக்கு அந்த மூட்டின் மிகக் குறைந்த கொடுப்பனவு அளவாவது தரவேண்டும் என்று அதே விதிகளில் 4.59ஆம் பிரிவு சொல்கிறது. முழங்காலுக்கு அது 10 வீதம். கால் நழுவி மடிவது வேறு கணக்கு. சவ்வு கிழிந்து அடிக்கடி இறுகி, வீங்கி, நோவது இன்னொரு கணக்கு, அதற்கு 20 வீதம். ஒரே நோவை இரண்டு பெயரில் எண்ண விடமாட்டார்கள். ஆனால் மடங்காததும் நழுவுவதும் வெவ்வேறு குறை என்பதால் இரண்டும் சேர்ந்து வரலாம்.

பரிசோதனை மேசையில் நடப்பதைக் கண்ணால் காண்பதுபோல் சொல்கிறேன். பாகைமானி என்பது இரண்டு பிளாஸ்டிக் கை உள்ள ஒரு சின்னக் கருவி. ஒரு கையைத் தொடையோடும் மற்றதைக் கெண்டைக்காலோடும் வைத்து, "மடக்குங்கள்" என்பார். என் முதல் பரிசோதனையில் பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாக மடக்கிக் காட்டினேன். பட்டாளத்தில் பதினொரு வருடம் பழகிய உடம்பு, சொன்னால் செய்யும். நெற்றியில் வியர்வை வந்தது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அறிக்கையில் "130 பாகை, நோவு இல்லை" என்று இருந்தது. இரண்டாம் முறை, நோவு தொடங்கிய இடத்தில் "இங்கே நோகிறது" என்று சொன்னேன், அதற்கு மேல் வற்புறுத்தி மடக்கவில்லை. நின்றும், படுத்தும், அவர் கையால் மடக்கியும் அளந்தார். அப்படி எல்லா நிலையிலும் அளக்கவேண்டும் என்று 2016இல் கொரியா (Correia) என்பவரின் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதைவிட முக்கியம், கால் நன்றாக இருக்கிற நாளில் பரிசோதனை விழுந்தால் என்ன செய்வதென்பது. 2017ஆம் ஆண்டின் ஷார்ப் வழக்குக்குப் பிறகு, நோவு கிளம்பும் நாட்களில் கால் எவ்வளவு மடங்கும் என்பதையும் பரிசோதகர் விசாரித்து மதிப்பிட வேண்டும். அதற்கு அண்ணனிடம் பதில் இருக்க வேண்டும். ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். நோவு கிளம்பிய நாள், எதனால், எத்தனை மணி நேரம், அன்று எதைச் செய்ய முடியாமல் போனது. "கடையில் அரிசி மூட்டை தூக்க முடியவில்லை, மாலை வரை கதிரையில்" என்று ஒரு வரி போதும். நோவு இருக்கிறது என்பதைவிட, அந்த நோவு எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதைத்தான் அளவிடுகிறார்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். பொய் சொன்னால் குற்றம், அதோடு உண்மையும் சேர்ந்து அழியும். நான் கேட்பது குறைத்துச் சொல்லாதீர்கள் என்பது மட்டுமே. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று பரிசோதகர் கேட்டால் "நல்ல சுகம்" வேண்டாம். "இன்றைக்கு நடக்க முடிகிறது, போன செவ்வாய் முடியவில்லை" என்று சொல்லட்டும்.

தட்டைப் பாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் "தட்டைப் பாதம்" என்று எழுதியிருந்தால், அது சேவையில் வந்ததென்று கேட்க முடியாது. சேவையால் இயற்கைக்கு மிஞ்சி மோசமானது என்றுதான் கேட்கவேண்டும். எழுதாமல் இருந்தால், சேரும்போது பாதம் நல்ல நிலையில் இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறவியில் இருந்தது என்று மறுக்கத் தெளிவான சான்றை வி.ஏ.தான் காட்டவேண்டும். அதனால் கோரிக்கையை எழுத முதல் அந்தச் சேர்க்கைப் பத்திரத்தைப் பாருங்கள். அளவைப் பொறுத்தவரை, சப்பாத்துக்குள் வளைவுத் தாங்கி போட்டால் சரியாகிவிடும் என்றால் 0 வீதம். உடல் பாரம் பெருவிரல் பக்கமாகச் சரிந்து, குதிநரம்பு உள்ளே வளைந்து, தொட்டாலும் நடந்தாலும் நோகுமென்றால் 10. உருக்குலைவு நன்றாகத் தெரிந்து, நடந்தால் வீங்கி, அதற்கே உரிய காய்ப்புகள் விழுந்திருந்தால் ஒரு பாதத்துக்கு 20, இரண்டுக்கும் சேர்த்து 30. தாங்கிச் சப்பாத்தாலும் ஆறாத கடும் நிலை 30, 50. 0 வீதம் என்று வந்தாலும் துவண்டுவிடாதீர்கள். சேவைத் தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டது என்று பொருள். பிறகு மோசமானால் கூட்டிக் கேட்கலாம்.

அண்ணனின் தேய்ந்த சப்பாத்தை எறியாதீர்கள். உட்பக்கம் மட்டும் தேய்ந்த அடியைப் போட்டோ எடுத்துத் திகதியோடு கோப்பில் போடுங்கள். ஊரில் செருப்போடு திரிகிறவருக்கு வளைவுத் தாங்கி உதவாது என்பதும் டொக்டரிடம் சொல்லவேண்டிய ஒன்று.

பாதம் சரிந்தால் முழங்கால் உள்ளே திரும்பும், முழங்காலைக் காக்க நடை கோணினால் இடுப்பும் முதுகும் நோகும். ஒரு பாதிப்புச் சேவைத் தொடர்பு பெற்றுவிட்டால், அதனால் வந்த அல்லது அதனால் மோசமான மற்றதையும் இரண்டாம் நிலைப் பாதிப்பாகக் கேட்கலாம். முழங்காலுக்குச் சேவைப் பதிவு குறைவாக இருந்து பாதத்துக்கு நிறைய இருந்தால் இந்த வழிதான் கைகொடுக்கும். எனக்கு அப்படித்தான் திறந்தது.

வீதங்களைக் கூட்டும் முறை நம் பள்ளிக் கணக்கல்ல. இடது முழங்கால் 30, வலது 20 என்று வையுங்கள். 100இல் 30 போக மிச்சம் 70. அந்த 70இல் 20 வீதம் 14. ஆக 44, அதைப் பத்தாக முழுமைப்படுத்தினால் 40. ஆனால் இரண்டு காலும் பாதிக்கப்பட்டால் அந்த 44க்கு அதில் பத்திலொன்றைச் சேர்க்கவேண்டும்: 48.4, அதாவது 50. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, தனி ஆளுக்கு 40 வீதத்துக்கு மாதம் 774.16 டொலரும், 50 வீதத்துக்கு 1,102.04 டொலரும் இருந்தது. தீர்ப்புக் கடிதம் வந்ததும் இந்தச் சேர்க்கை போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

30 வீதமும் அதற்கு மேலும் வந்தால் மனைவி, பிள்ளைகளோடு, அவரில் தங்கியிருக்கும் தாய் தகப்பனுக்கும் மேலதிகத் தொகை உண்டு. வருமானமில்லாத அம்மாவை அண்ணன்தான் பார்க்கிறார் என்றால், காசு அனுப்பிய வங்கித் துண்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்துவையுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஊரில் இருந்து செய்வதில் சில சிரமம். வெளிநாட்டுக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை பிட்ஸ்பர்க் அலுவலகத்துக்குப் போகும். அமெரிக்காவுக்கு வெளியே நாடொன்றில் வி.ஏ. பிராந்திய அலுவலகம் இருப்பது மணிலாவில் மட்டும். பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள். போகாவிட்டால் கையில் இருக்கிற சான்றை மட்டும் வைத்து முடித்துவிடுவார்கள். தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், ஊர் முகவரி மூன்றையும் சரியாகக் கொடுங்கள், அமெரிக்க வங்கிக் கணக்கை மூடவேண்டாம். சேவைத் தொடர்பு கிடைத்த பிறகு அந்தப் பாதிப்புக்கு இங்கே எடுக்கும் வைத்தியச் செலவை வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தின் கீழ் மீளக் கேட்கலாம், பற்றுச்சீட்டுகள் பத்திரம்.

உதவி தேவைப்பட்டால் அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற வீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருவார்கள். முதல் கோரிக்கையைத் தயாரிக்கக் காசு வாங்குவது சட்டவிரோதம். "எழுபது வீதம் எடுத்துத் தருகிறேன், முதல் ஐந்து மாதக் காசு தா" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு அண்ணனின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள். மறுப்பு வந்தால் ஒரு வருடத்துக்குள் புதுச் சான்றோடு துணைக் கோரிக்கையோ, மேல்நிலை மீளாய்வோ, மேன்முறையீட்டுச் சபையோ, மூன்றில் ஒன்றை எடுக்கலாம். தொடக்க நாள் தப்பும். அந்தத் துண்டைப் போன்ற குறை என்றால் துணைக் கோரிக்கைதான் பொருத்தம்.

எழுதும்போது மனதைக் குத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படுவான்கரையில் என் மச்சானுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, கண்ணிவெடி. வயலுக்குப் போன மனிதர். நம் நாட்டின் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது, அதுவும் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு. தேய்ந்த முழங்காலுக்கு எனக்கு வருவதையும் அவருக்கு வருவதையும் ஒரே திண்ணையில் இருந்து பேசியிருக்கிறோம். அந்த வெட்கம் உங்கள் அண்ணனுக்கும் இருக்கலாம், "குண்டு பட்டவனா" என்று அவர் சொன்னதில் எனக்கு அது கேட்டது. ஆனால் அண்ணன் கேட்காமல் விடுவதால் என் மச்சானுக்கு ஒரு சதமும் கூடப்போவதில்லை. அந்த மச்சான்தான் எனக்கு இரண்டாம் முறை கோரிக்கையை எழுதச் சொன்னவர். "உனக்கு எழுத ஒரு இடம் இருக்குகா, எழுது" என்றார்.

அண்ணனிடம் டி.டி.214 என்ற சேவை விலகல் பத்திரத்தை எடுத்து வரச்சொல்லுங்கள். விலகிய திகதியைப் பார்த்து, அதிலிருந்து ஒரு வருடம் எண்ணி, அந்த நாளைச் சுவர்க் கலண்டரில் சிவப்பால் வட்டமிடுங்கள். பிறகு 21-0966ஐ அவர் பக்கத்தில் இருந்தே அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பியதற்கான உறுதியை ஒரு படமாக எடுத்துவையுங்கள்.